பழையபடி ஆக்கிக் கொடு

அத்தியாயம் ஆறு

டென்போ குடாவில் அந்தக் குளிர்காலம் மிதமாகத்தான் இருந்தது. முந்தின வருஷம், தபால் நிலையத்துக் கொடிக்கம்பத்தின் உச்சியில் வந்து உட்கார்ந்த கடற்காகம் ஒன்று அப்படியே உறைந்துபோய், வசந்தம் வந்த பிறகுதான் இறங்கிப் பறந்தது. அதுவரை ஊரார் அதைக் காற்றுகாட்டி என்று நினைத்து, அதன் மூக்கு பார்த்த திசையை நம்பிப் படகு எடுத்தார்கள். ஒரு படகுகூடக் கவிழவில்லை. இந்த வருஷம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரை முழுக்க அந்த மாதிரி விசேஷம் எதுவும் கிடையாது. வெறும் குளிர்.

அந்த வெறும் குளிரில், சனிக்கிழமை மதியம், லின்வுட் டிபெட்ஸ் என்ற, முதுகு கூனிய பழைய மீனவக் கிழவரின் வீட்டு நிலவறையில், துப்பறிவாளர் ஆரின் ஸ்ப்ரவுல் தன் எதிரியை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றார். எதிரி முழங்கால் உயரம். சாம்பல் நிறம். பாய்லரின் வயிற்றில் மூக்கை நுழைத்துக்கொண்டு கிடந்தது. பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான்.

"இதுக்கு வக்கீல் வெச்சுக் குடுக்கணுமா பாஸ், இல்ல நேரா விசாரிச்சுடலாமா?" என்றாள் டாட் பெல்க்கி.

டாட் அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பின்னால் நடப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே முன்னால் ஓட்டிப் பழகியதால், யார் முதுகுக்குப் பின்னால் யார் என்ன செய்கிறார்கள் என்பது அவளுக்குத் தானாகத் தெரியும். ஆரினுக்கு அந்த வித்தை வராது. அவர் யோசித்துத்தான் கண்டுபிடிப்பார். ஒருமுறை திருடுபோன மரப்பாலம் ஒன்றை மாதக்கணக்கில் தேடினார். கடைசியில், சந்தேகப்பட்டவன் வீட்டில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கூடத்துத் தரை ஏன் இப்படி நடுவில் வளைந்திருக்கிறது என்று யோசித்தார். பாலத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

ஆனால் இந்த வழக்கில் திருடுபோனது எதுவும் இல்லை. வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு எண்ணெயில் தீ மூட்டும் ஒரு பர்னர், அவ்வளவுதான். எத்தனையோ குளிர்காலம் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது. இலையுதிர்காலத்தில் எண்ணெய் வியாபாரி ஹார்லண்ட் க்ரை தன் ஆள் கேலன் டூசெட்டை வருடாந்தர சர்வீசுக்கு அனுப்பினார். கேலன் கரியைச் சுரண்டினான், வடிகட்டியை மாற்றினான், எண்ணெய் பீய்ச்சும் நாசிலைப் புதிதாகப் போட்டான், தளர்ந்ததையெல்லாம் இறுக்கினான். அதற்கு அடுத்த வாரமே பர்னர் நின்றது. வந்து சரிசெய்தான். மறுபடி நின்றது. அவன் வருவதும் பர்னர் நிற்பதுமாக, பனி விழுந்த பிறகும் அது தொடர்ந்தது.

காற்று உள்ளே போகும் வாயை மூடித் திறக்க ஒரு தகடு உண்டு. ஒவ்வொரு முறையும் அந்தத் தகடு நகர்ந்திருந்தது. காற்று அதிகமானால் சுடர் தள்ளாடி அணையும்; சுடர் அணைந்தால் பர்னர் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு நின்றுவிடும். கேலன் தகட்டின் மேல் ஆணியால் ஒரு கோடு கீறிவிட்டுப் போனான். அடுத்த முறை கோடும் நகர்ந்திருந்தது. யாரோ கை வைக்கிறார்கள் என்று அவன் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

லின்வுட்டின் மகள் மார்சியாவுக்கு இந்தச் சத்தியம் போய்ச் சேர்ந்தது. அவள் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறாள். தொலைபேசியில் ஹார்லண்டிடம் தெளிவாகச் சொன்னாள்: ஒன்று உங்கள் ஆளுக்கு வேலை தெரியவில்லை, அல்லது என் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது. எதுவானாலும், விறைத்துப்போகும் வீட்டில் அவரைத் தனியாக விட மாட்டேன். ஹார்ட்ஃபோர்டில் முதியோர் விடுதியில் ஓர் அறை பிடித்தாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன்.

இரண்டுமே பொய் என்று நிரூபிக்க மூன்றாவதாக ஓர் ஆள் இருந்தால் பிடித்துக் கொடுங்கள் என்று ஹார்லண்ட் ஆரினிடம் கெஞ்சியிருந்தார். லின்வுட்டிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டும் பயன் இருந்திருக்காது. அவர் பேசிய கடைசி நீளமான வாக்கியம் கல்யாணத்தில் பாதிரியார் சொல்லிக்கொடுத்துச் சொன்னது என்பார்கள்.

ஆரின் குனிந்து தகட்டைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த திருகின் பிளவு இரண்டு பக்கமும் மழுங்கியிருந்தது. திருப்புளி அப்படிச் செய்யாது. பொருந்தாத எதையோ நுழைத்துப் பலமாகத் திருகியிருக்கிறார்கள்.

"வெளியே பாத்துட்டு வந்தேன்" என்றாள் டாட். "நிலவறைக் கதவு மேல பனி அப்படியே கிடக்கு, பூனைகூட மிதிக்கலை. மூணாவது ஆள் பறந்துதான் வந்திருக்கணும்."

"அப்ப வீட்டுக்குள்ள இருந்து வந்திருக்கான்."

"வீட்டுக்குள்ள ஒருத்தர்தான் இருக்காரு பாஸ். முட்டி வலி, படியிறங்கி மாசக்கணக்காச்சுன்னு சொல்றாரு."

ஆரின் நிலவறை விளக்கின் கயிற்றைப் பார்த்தார். பழைய கயிறு எட்டாத உயரத்தில் முடிந்திருந்தது. அதன் நுனியில், சிங்கி இறால் கூண்டுக்குக் கட்டும் மஞ்சள் கயிறு ஒன்றைப் புதிதாக முடிச்சுப் போட்டு நீட்டியிருந்தார்கள். முதுகு கூனிய மனிதனுக்கு எட்டும் உயரம். மீன்பிடிக்கிறவன் போடும் முடிச்சு.

அவர் முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். டாட்டும் அந்த முடிச்சைப் பார்த்துவிட்டாள். வாய்வரை வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டாள். அது அவளுக்குச் சிரமமான காரியம்.

*

சமையலறையில் லின்வுட் அவர்களுக்கு ரொட்டி வைத்தார். சனிக்கிழமை என்பதால், அந்தப் பக்கத்து வழக்கப்படி, அடுப்புக்குள் காலையிலிருந்து பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. வெல்லப்பாகும் பன்றிக்கொழுப்பும் சேர்ந்த வாசனை. அவர் மனைவி ஆர்டித் இறந்த பிறகும் அதே பெரிய பானையில்தான் வைக்கிறார் போலிருக்கிறது. அந்தப் பானை பீன்ஸை அவர் ஒருவராகத் தின்று தீர்க்க அடுத்த சனிக்கிழமை வந்துவிடும். ஆரின் அதை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, போடாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தார். அவரே குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் ஓர் ஐஸ்கிரீம் கடையின் மாடியில் தனியாகக் குடியிருப்பவர். இந்தக் கணக்கெல்லாம் அவருக்கு வீட்டுப்பாடம்.

டாட் ரொட்டியில் வெண்ணெயை வாரிப் பூசி ஒரு கடி கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"பெரியவரே, வெண்ணெய் எந்தக் கடையில வாங்கினது?"

ஊர்க்கடையில்தான் என்பதுபோல் லின்வுட் தலையசைத்தார்.

"ஏன் கேக்கறேன்னா, இதுல பாய்லர் எண்ணெய் வாசனை வருது."

ஆரின் வெண்ணெய்க்கத்தியை எடுத்துப் பார்த்தார். வெள்ளிப்பூச்சுப் போட்ட, கல்யாணப் பரிசாக வந்திருக்கக்கூடிய கத்தி. நுனி ஒருபக்கமாக முறுக்கியிருந்தது. லின்வுட் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார். வெளியே எதுவும் இல்லை.

இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

"வழக்கு முடிஞ்சுது பாஸ். ஆயுதம் வெண்ணெய்க்கத்தி, சாட்சியத்தை நான் பாதி தின்னுட்டேன்" என்றாள் டாட். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "இதைச் சொன்னோம்னா பெரியவர் இன்னிக்கே ஹார்ட்ஃபோர்ட். புத்தி பிசகிடுச்சுன்னு முத்திரை குத்திடுவா அந்தப் பொண்ணு."

"ஏன் செஞ்சாருன்னு தெரியணும்."

"இதுல தெரிய என்ன இருக்கு? இந்த முனையில அடுத்த வீடே கண்ணுக்குத் தெரியலை. பர்னர் நின்னா கேலன் வருவான். மனுஷ முகம் பாக்கலாம். நானா இருந்தா வாரத்துக்கு ரெண்டு தடவை கெடுத்துவிடுவேன்."

அது நல்ல விடையாகத்தான் இருந்தது. ஆரினுக்கு அது பிடித்தும் இருந்தது. தனியாக இருக்கிறவர்களுக்கு மற்றவர்களுடைய தனிமை உடனே புரிந்துவிட்ட மாதிரி இருக்கும்; அதனாலேயே தப்பாகப் புரிந்துகொள்வார்கள்.

கேலன் டூசெட்டின் வேன் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. மகள் வருவதற்குள் பர்னர் ஓட வேண்டும் என்று ஹார்லண்ட் அனுப்பியிருந்தார். கேலன் வாட்டசாட்டமானவன். தன் வேலையைப் பற்றித் தானே பெருமையாகப் பேசுகிறவன்; வேறு யாரும் பேசுவதில்லை என்பதால். இப்போது முகம் தொங்கிப்போயிருந்தது.

வரும்போதெல்லாம் கிழவர் உன்னிடம் என்ன பேசுவார் என்று ஆரின் கேட்டார். கேலன் சிரித்தான். பேசுவதா, ஒரு வாய் காபிகூடக் கொடுத்ததில்லை, உட்காரச் சொன்னதில்லை, வேலை முடிந்ததும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார், எப்போது போவான் என்று காத்திருப்பதுபோல் என்றான்.

டாட்டின் விடை அந்த இடத்திலேயே காலியாயிற்று. அவள் பனியை ஓர் உதை உதைத்தாள்.

"ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டாரா?" என்று கேட்டார் ஆரின்.

"ஒண்ணே ஒண்ணு சொல்வாரு சார். எப்ப வந்தாலும் அதேதான். நிலவறைப் படி மேல நின்னுக்கிட்டு, 'பழையபடி ஆக்கிக் குடு'ம்பாரு. நானும் அதைத்தானே செய்யறேன்? பழசைவிட நல்லா ஆக்கிக் குடுத்திருக்கேன். அந்தப் பர்னர் இப்ப மெழுகுவர்த்தி மாதிரி சத்தமில்லாம எரியும் சார், யாராவது கை வைக்காம இருந்தா."

ஆரின் அந்த வார்த்தையை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"டாட், அவரு நல்லபடியா ஆக்குன்னு சொல்லலை."

"பழையபடின்னா அதானே பாஸ்?"

"இல்ல. பழையபடின்னா பழையபடிதான்."

*

ஆரின் சமையலறைக்குத் திரும்பினார். இந்தத் தடவை கிழவரைப் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்தார்.

உள்சுவரில், கண் உயரத்தில், மரச்சட்டம் ஒன்று ஓடியது. அதில் ஆர்டித்தின் நீலப்பூத் தட்டுகள் நிமிர்ந்து சாய்ந்து நின்றன. அவர் ஒரு தட்டை மெல்ல எடுத்தார். அது நின்ற இடத்தில் வெள்ளை வர்ணம் தேய்ந்து, மரம் தெரிய ஒரு சின்னப் பிறை இருந்தது. அடுத்த தட்டு. அதன் அடியிலும் பிறை. எல்லாவற்றின் அடியிலும். இந்தத் தட்டுகள் பல வருஷங்களாக நின்ற இடத்திலேயே ஆடி ஆடிச் சட்டத்தை அரைத்திருக்கின்றன.

விரலால் பிறையைத் தடவினார். தூசி. அரைத்துக்கொண்டே இருக்கும் இடத்தில் தூசி தங்காது. ஆட்டம் சமீபத்தில்தான் நின்றிருக்கிறது.

"லின்வுட், இந்தத் தட்டுங்க எப்ப ஆடறதை நிறுத்துச்சு?"

கிழவர் அடுப்பைத் திறந்தார், பானையைப் பார்த்தார், மூடினார்.

"அக்டோபர்ல."

"சர்வீஸ் பண்ணின அன்னிக்கா?"

"அன்னிக்குச் சாயங்காலம்."

"அதனாலதான் பர்னரைத் திருகினீங்க."

"சத்தம் அதுக்குள்ளதானே இருக்கணும்" என்றார் லின்வுட். "அது எந்திரிக்கும்போதுதான் இதுங்க ஆடும். இறுக்கிட்டான். தளர்த்திப் பாத்தேன். உறுமுச்சு. ஆனா இதுங்க ஆடலை. அப்புறம் நின்னுபோச்சு."

இவ்வளவு பேசியதில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"எதுக்கு உங்களுக்கு அந்தச் சத்தம்?"

லின்வுட் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமான பார்வை இல்லை. கதவைச் சாத்துகிற பார்வை.

"இருந்துச்சு" என்றார்.

அதற்கு மேல் அவரை உலுக்கினாலும் எதுவும் உதிராது என்பது தெரிந்தது. டாட் ஏதாவது சொல்வாள் என்று ஆரின் எதிர்பார்த்தார். அவள் ரொட்டியில் ஒட்டியிருந்த வெண்ணெயை மும்முரமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

*

நிலவறையில் கேலன் முதலில் எந்தச் சத்தத்தையும் நிறுத்தியதாக ஒப்புக்கொள்ளவே இல்லை. அது சத்தம் இல்லை சார், அது குறை என்றான். பிறகு, தன் திறமையைச் சொல்லிக்காட்டும் சந்தர்ப்பத்தை விட மனம் இல்லாமல், விளக்கைத் தூக்கி மேலே காட்டினான்.

பாய்லரிலிருந்து கிளம்பிய வெந்நீர்க் குழாய் ஒன்று சமையலறைத் தரைக்கு அடியில், அந்தத் தட்டுச் சுவரை ஒட்டியே போனது. அதைத் தாங்கிய பட்டை எந்தக் காலத்திலோ அறுந்துபோயிருந்ததாம். பர்னர் பற்றிக்கொள்ளும்போது வரும் சின்ன நடுக்கம் குழாய் வழியாக ஏறி, உத்திரத்தை இடித்து, சுவர் முழுக்க உதறும். சர்வீசுக்கு வந்த அன்று அதைக் கண்டு, யாரும் கேட்காமலே, புதுப் பட்டை போட்டு, நடுவில் கம்பளித் துண்டும் வைத்து இறுக்கிவிட்டான்.

"நான் செஞ்சதுலயே அதுதான் சார் நல்ல வேலை."

கிழவர் மாதக்கணக்கில் திருகிக்கொண்டிருந்தது இங்கே, சத்தம் இருந்தது அங்கே. கொஞ்சம் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே ஓர் ஏணி உயரம்தான். கூனிய முதுகு தூக்க விடவில்லை.

"அதைக் கழட்டிடு" என்றார் ஆரின்.

கேலன் அவரைப் பார்த்த பார்வையில், பாதிரியாரிடம் போய் ஞானஸ்நானத்தைத் துடைத்துவிடச் சொன்னமாதிரி ஒரு அதிர்ச்சி இருந்தது.

"குழாய்க்கு ஏதாவது ஆகுமா?"

"இத்தனை வருஷம் ஆகலை, இனியும் ஆகாது. பழைய பட்டையோட மிச்சம் இன்னும் தாங்குது. ஆனா கேக்க அசிங்கமா இருக்கும் சார். யாராவது வந்து பாத்தா கேலன் டூசெட் செஞ்ச வேலையாம்னு சிரிப்பாங்க."

"தகட்டை உன் கோட்டுல வெச்சு இறுக்கு. அப்புறம் அந்தப் பட்டையைக் கழட்டு."

அவன் முனகிக்கொண்டே ஏணியை எடுத்தான். அப்போது மேலே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, ஆரின் படியேறினார்.

*

மார்சியா காலணிப் பனியைக்கூட உதறாமல் உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கையில் மடித்த அட்டைப் பெட்டிகள். அவள் முகம் அப்பாவுடையது. பேச்சு அவருடையது அல்ல. பை தயாரா என்று கேட்டாள். லின்வுட் பதில் சொல்லவில்லை. வீடு ஏன் இவ்வளவு குளிராக இருக்கிறது என்று கேட்டாள். கீழே வேலை நடக்கிறது என்றாள் டாட். மார்சியா அந்தப் பதிலையே தன் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டது தெரிந்தது. அவள் லின்வுட்டைத் திட்டவில்லை. அவர் கழுத்துத் துண்டை எடுத்து அவர் கழுத்தில் அவளே சுற்றினாள். திட்டியிருந்தால் தேவலை என்று ஆரினுக்குத் தோன்றியது.

பிறகு ஆரின் பக்கம் திரும்பினாள்.

"ஸ்ப்ரவுல், சுத்தி வளைக்காம சொல்லுங்க. எங்கப்பாதானா, இல்லையா?"

ஆரின் தொழிலில் பொய் சொல்வதில்லை. ஒழுக்கம் காரணம் அல்ல. பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், அவருக்கு மறதி. லின்வுட் சுவரோடு சுவராக நின்றார். கழுத்தில் துண்டு. பயணத்துக்குத் தயாராக்கப்பட்ட குழந்தையைப்போல.

"சொல்றேன்" என்றார் ஆரின். "கேட்டுட்டு, ஏன்னும் ஒரு வார்த்தை கேக்கணும். அவருதான்."

மார்சியா கண்ணை மூடித் திறந்தாள். ஆச்சரியப்படவில்லை. அட்டைப் பெட்டிகளை மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு கையுறையை விரல் விரலாக உருவ ஆரம்பித்தாள்.

கீழே கேலன் பொத்தானை அழுத்தினான்.

முதலில் தரைக்கு அடியில் ஒரு இடி. யாரோ கட்டிலிலிருந்து கனமாக இறங்குவதுபோல. பிறகு ஓர் உறுமல் குழாய் வழியாக ஊர்ந்து வந்தது. பிறகு சுவர் சிலிர்த்தது. நீலப்பூத் தட்டுகள் ஒவ்வொன்றாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கடகடவென்று நடுங்கின.

"ஆச்சு, எர்ல் மாமா எந்திரிச்சாச்சு" என்றாள் மார்சியா.

தலை நிமிராமல், கையுறையைப் பார்த்தபடி சொன்னாள். அவள் உள்ளே வந்தபோது இருந்த குரல் அது இல்லை. கொஞ்சம் அலுத்துக்கொண்ட, சோம்பலான, வேறொரு பெண்ணின் குரல்.

"எந்திரிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறான்" என்றார் லின்வுட், அடுப்பைப் பார்த்தபடியே. "படுக்கச் சொல்லு."

தட்டுகள் கடகடத்தன. மார்சியாவின் கையில் கையுறை பாதி உருவியபடி நின்றது. தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

"யாரு எர்ல்?" என்று டாட் மெதுவாகக் கேட்டாள்.

அம்மாவின் அண்ணன் என்றாள் மார்சியா. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், அவள் பிறப்பதற்கு முன்னால் வந்து, அவள் பள்ளி முடிக்கும்வரை போகவில்லை. சமையலறைக்குப் பக்கத்து அறையில் படுத்திருப்பார். பெருத்த உடம்பு. அவர் கட்டிலைவிட்டு இறங்கினால் தட்டுகள் எல்லாம் ஆடும். இப்போது அவள் சொன்னதை அம்மா சொல்வாள், அப்பா தன் பதிலைச் சொல்வார். மாமா செத்துப்போனார். அடக்கம் செய்துவிட்டு வந்து எல்லோரும் இதே மேஜையில் வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது, கீழே பர்னர் பற்றிக்கொண்டது, தட்டுகள் ஆடின. மாமா போனதிலிருந்து அதுவரை ஆடாதவை. அம்மாதான் முதலில் சொன்னாள். அப்பா பதில் சொன்னார். எல்லோரும் சிரித்துச் சிரித்து அழுதார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும், பர்னர் எழும்போதெல்லாம்.

அவர்கள் வீட்டில் வேறு பேச்சு அதிகம் கிடையாது என்றாள்.

ஆரினுக்கு மிச்சம் புரிந்தது. ஆர்டித் போன பிறகு முதல் பாதியைச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் தட்டுகள் ஆடின. கிழவர் தன் பாதியைச் சொன்னார். அக்டோபரில் ஒரு நல்ல வேலைக்காரன் வந்து அதையும் சரிசெய்துவிட்டுப் போனான். அதை அப்படியே மார்சியாவிடம் சொன்னார்.

"சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள் மார்சியா.

"என்னன்னு?"

அவள் அட்டைப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளினாள். நாற்காலியை இழுத்துக் கோட்டோடு உட்கார்ந்தாள். அந்த ஹார்ட்ஃபோர்ட் விடுதியில் ஹீட்டருக்குச் சத்தமே கிடையாதாம், அதைத்தான் பெரிதாகப் பெருமை பேசினார்கள் என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு கையை நீட்டினாள்.

"எதால திருகினேப்பா? அதைக் குடு."

லின்வுட் வெண்ணெய்க்கத்தியை எடுத்துக் கொடுத்தார். அவள் முறுக்கிய நுனியைப் பார்த்தாள். அதைக் கட்டைவிரலால் நிமிர்த்தப் பார்த்தாள்.

"இனிமே பர்னரைத் தொட மாட்டேன்னு சொல்லு."

"இனிமே எதுக்குத் தொடணும்?"

"திங்கக்கிழமை கூப்பிட்டு அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்றேன்" என்றாள். "ஆனா நீ ஃபோனை எடுக்கணும். நான் கூப்பிட்டா எடுக்கணும். ஒண்ணும் பேச வேண்டாம். எடுத்தாப் போதும்."

லின்வுட் கழுத்துத் துண்டை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

"பீன்ஸ் ஆயிடுச்சு" என்றார்.

கேலன் நிலவறைப் படியில் தலையை நீட்டினான். மேலே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. சத்தம் போதுமா, இல்லை இன்னும் கொஞ்சம் கெடுக்கவா என்று வெறுப்போடு கேட்டான். லின்வுட் அலமாரியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, காபி ஊற்றி, அவன் கையில் கொடுத்தார். கேலன் அதைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான், அதில் என்ன இருக்குமோ என்று.

*

வெளியே இருட்டியிருந்தது, அந்தப் பக்கத்தில் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். சாப்பிட இருக்கச் சொன்னார்கள். டாட் இருந்திருப்பாள். ஆரின்தான் வேலை இருக்கிறது என்றார். என்ன வேலை என்று டாட் கேட்கவில்லை.

அவள் லாரியின் முன்கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினாள்.

"ஹார்லண்டுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"மூணாவது ஆள் ஒருத்தன் இருந்தான்னு சொல்லு. பேரு எர்ல்."

"எர்ல் செத்துப் பல வருஷமாச்சு பாஸ்."

"அதான் இவ்வளவு நாள் சிக்கலை."

அவள் சிரித்தாள். ஆரின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மஞ்சள் வெளிச்சத்தில் மார்சியா கோட்டைக் கழற்றியிருந்தாள். பர்னர் வேலையை முடித்து நின்றிருக்க வேண்டும். அவள் தட்டுச் சுவரை ஏறிட்டுப் பார்த்தபடி கொஞ்சநேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து, சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் போய், பர்னர் மறுபடி எழும்படி அதைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். சமையலறைக் கண்ணாடி ஏற்கெனவே உள்ளிருந்து வேர்த்திருந்தது.

என்ன சத்தம் வந்தது என்று வெளியிலிருந்து கேட்கவில்லை. அவள் உதடு அசைந்தது. பிறகு கிழவருடையது.

டாட் லாரிக்குள் ஏறி எஞ்சினை முடுக்கினாள். ஆரின் பக்கத்தில் ஏறினார்.

"வீட்டுக்கா பாஸ்?"

"இப்ப வேண்டாம். நேரா போ."

"நேரா போனா கடல் வரும்."

"அப்ப மெதுவா போ."